நீரருகே மின்சாரம்: ஒன்றுக்கொன்று ஈடாகாத இரண்டு காவல்கள்
(ஆய்வரங்கத் தலைமை உரை)

வெளிப்புற வெந்நீர்த் தொட்டிகளுக்கான அமெரிக்க மின்விதிகளை ஆராயக் கூடியிருக்கிறோம்.

ஒரு வீட்டின் பின்கட்டில் வைக்கும் தொட்டிக்கு ஓர் ஆய்வரங்கமா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தத் தொட்டிக்குள் இருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கழுத்துவரை நீர். காலில் செருப்பில்லை, உடம்பில் உடையும் ஏறக்குறைய இல்லை. ஓரடி தள்ளி, அதே பெட்டிக்குள், பம்பும் ஹீட்டரும் 240 வோல்ட்டில் ஓடுகின்றன. தோல் உலர்ந்திருக்கையில் பல்லாயிரம் ஓம் தடை காட்டும் மனித உடல், நனைந்துவிட்டால் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அந்த உடலின் குறுக்கே 120 வோல்ட் விழுந்தால் 120 மில்லிஆம்பியர் பாயும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அது போதும். இதைவிடக் கவனம் கோரும் மின்னிணைப்பு ஒரு வீட்டில் வேறு இல்லை என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு முதன்முதலில் 1897-இல் வெளிவந்தது. இன்று அதைத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. நீச்சல் குளம், நீரூற்று, வெந்நீர்த் தொட்டி ஆகியவை அதன் 680-ஆம் பிரிவில் அடங்கும். அந்தப் பிரிவைப் புரட்டினால் அடியும் அங்குலமுமாக எண்களே கண்ணில் படும். அந்த எண்களை மனப்பாடம் செய்து தேர்வில் வென்றுவிடலாம். உயிரைக் காக்க அது போதாது. எண்ணுக்குப் பின்னால் உள்ள காரணம் தெரிந்தவரே, நூலில் சொல்லாத ஒரு நிலைமை எதிர்ப்படும்போது சரியாக முடிவெடுப்பார். இன்று நான் வலியுறுத்த வந்தது இந்த ஒன்றைத்தான்.

அந்த எண்களுக்குப் பின்னால் நிற்பவை இரண்டு காவல்கள். முதற்காவல், மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. கருவி. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், மின்கம்பியைப் பிடித்த கை தானாக விடுபட முடிகிற உச்ச மின்னோட்டம் எவ்வளவு என்று தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தவர். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று கண்டார். அந்த ஆய்வின் தொடர்ச்சியாக, 1961-இல் இந்தக் கருவியை உருவாக்கினார். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் 4 முதல் 6 மில்லிஆம்பியர் வேறுபட்டாலே அது துண்டித்துவிடும். நம்மூர் வீடுகளில் பொதுவாகப் பொருத்தும் ஆர்.சி.சி.பி. என்ற இதே வகைக் கருவி 30 மில்லிஆம்பியருக்கானது என்பதோடு ஒப்பிட்டால், நீரருகே எவ்வளவு இறுக்கமான எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

இந்தக் கருவி களத்தில் படும் பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். வழக்கமான 50 ஆம்பியர் தொட்டிக்கு நான்கு கம்பிகள் வருகின்றன: இரண்டு பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். தொட்டிக்குப் போகும் நியூட்ரலை ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கரிலேயே முடுக்க வேண்டும். பிரேக்கரின் பின்னிருந்து சுருண்டு வரும் வெள்ளை வால்கம்பி மட்டுமே நியூட்ரல் பட்டைக்குப் போக வேண்டும். பலர் பழக்கதோஷத்தில் தொட்டியின் நியூட்ரலையும் பட்டையிலேயே முடுக்கிவிடுகிறார்கள். அப்போது தொட்டியில் 120 வோல்ட்டில் ஓடும் பகுதியின் மின்னோட்டம் உணரியைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறது. கருவி அதைக் கசிவென்று கண்டு உடனே விழுகிறது. கருவி செய்தது சரி. கம்பி போட்டதுதான் பிழை. ஆனால் ‘பிரேக்கர் சொத்தை’ என்று சொல்லி, சாதாரண பிரேக்கரை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கணத்திலிருந்து அந்த வீட்டார் காவலின்றிக் குளிக்கிறார்கள்.

இன்னொரு மயக்கத்தையும் நாம் களைந்தாக வேண்டும். தொட்டியருகே எர்த் தண்டொன்றை மண்ணில் அடித்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மண்ணுக்கும் அந்தத் தண்டுக்கும் இடையே 25 ஓம் தடை என்று வைத்துக்கொண்டாலும், 120 வோல்ட்டில் 4.8 ஆம்பியர்தான் பாயும். 50 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. பழுதால் எழும் மின்னோட்டத்தைப் பேனலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து பிரேக்கரை விழச் செய்வது தொட்டிக்கு வரும் எர்த் ஒயரே. மண்ணால் அது ஆகாது.

இரண்டாவது காவல், சமமின்னழுத்தப் பிணைப்பு. நீரையும் பம்பையும் கைப்பிடியையும் சுற்றியுள்ள கான்கிரீட் தரையையும், 8 கேஜைவிட மெல்லியதல்லாத திடச் செம்புக்கம்பியால் ஒன்றோடொன்று இணைப்பது. முதற்காவல் இருக்க இது எதற்கு? தெருவில் வரும் மின்வாரியத்தின் நியூட்ரலில் இணைப்பு தளர்ந்தால், நிலத்துக்கும் நீருக்கும் இடையே சில வோல்ட் வேறுபாடு தோன்றலாம். தொட்டியிலிருந்து எழுபவர் ஒரு கை கைப்பிடியிலும் ஒரு கால் ஈரத்தரையிலுமாக நிற்கும்போது அது அவர் உடல்வழி பாயும். அந்த மின்னோட்டம் தொட்டியின் பிரேக்கர் வழியாக வரவில்லை, ஆகவே ஜி.எஃப்.சி.ஐ. அதைப் பார்க்கவே பார்க்காது. பேனலில் மெயினை அணைத்தாலும் அது நிற்காது. கை தொடும் இடமும் கால் தொடும் இடமும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் மட்டுமே உடல் தப்பும். ஒரு காவல் மின்சாரத்தை நிறுத்துகிறது. மற்றது மின்னழுத்த வேறுபாட்டை அழிக்கிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

இந்தப் பிணைப்பில் ஒரு விலக்கு உண்டு. தரைமேல் வைப்பதற்கென்று சான்று பெற்ற முழுமையான தொட்டியாக இருந்து, தயாரிப்பாளர் சொன்னபடி நிறுவி, சுற்றிலும் 30 அங்குலத்துக்குள் உள்ள தரையைவிட அதன் விளிம்பு குறைந்தது 28 அங்குலம் உயர்ந்திருந்தால், சுற்றுத்தரைப் பிணைப்பு தேவையில்லை. இரண்டாண்டு கழித்து வீட்டுக்காரர் தச்சரை அழைத்து விளிம்பையொட்டி அழகாக ஒரு மரமேடை கட்டிவிட்டால் அந்த உயரம் போய்விடுகிறது, விலக்கும் போய்விடுகிறது. அன்று மின்பணியாளரை யாரும் அழைப்பதில்லை. இந்த இடைவெளி குறித்து இங்கே கட்டுரைகள் வர வேண்டும்.

மற்ற எண்களையும் இப்படித்தான் அணுக வேண்டும். துண்டிப்பு சுவிட்ச், தொட்டியிலிருந்து பார்வைக்குள், ஆனால் 5 அடிக்குக் குறையாத தொலைவில்: பழுதுபார்ப்பவர் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், நீரில் இருப்பவர் கை நீட்டித் தொட முடியாது. பிளக் பாயின்ட் 6 அடிக்கு உள்ளே கூடாது. ஆனால் 6 முதல் 20 அடிக்குள் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் யாராவது வீட்டுக்குள்ளிருந்து நீட்டிப்பு ஒயரை இழுத்து வருவார்கள். விடுதி, உடற்பயிற்சிக் கூடம் போன்ற இடங்களில் அவசரநிறுத்த சுவிட்ச் கட்டாயம். ஒரே குடும்பம் வாழும் தனிவீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த சுவிட்சின் முதல் நோக்கம், உறிஞ்சுவாயில் தலைமுடியோ உடலோ சிக்கினால் பம்பை நிறுத்துவது.

அன்பர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். விதியை எழுதும் ஒவ்வொரு கட்டுரையும் அதன் காரணத்தையும் உடன் எழுதட்டும். இரண்டாவது, இந்தத் தொகுப்பு மாதிரிச் சட்டமே. மாநிலமோ நகரமோ ஏற்ற பிறகே அது சட்டமாகிறது, இடத்துக்கிடம் பதிப்பும் மாறுகிறது. ஆகவே எந்த ஆண்டுப் பதிப்பைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாமல் ஓர் எண்ணையும் நாம் எழுதக் கூடாது. மூன்றாவது, அனுமதி பெறுதலையும் ஆய்வாளர் பார்வையிடுதலையும் வெறும் சடங்காக எழுதாதீர்கள். பிணைப்புக்கம்பி கான்கிரீட்டுக்குள் மறைந்த பிறகு அதைப் பார்க்க எவராலும் முடியாது. மூடுமுன் ஒருவர் வந்து பார்ப்பதே அந்த வீட்டின் குழந்தைகளுக்கு நாம் தரும் உறுதி.

காரணம் அறிந்து கம்பி பூட்டும் ஒரு தலைமுறையை உருவாக்க இந்த இருநாள் விவாதங்கள் துணைநிற்கட்டும். கருத்து மாறுபாடுகளைத் தயங்காமல் முன்வையுங்கள், அளவீடுகளோடு முன்வையுங்கள். ஆய்வரங்கத்தை மகிழ்ச்சியோடு தொடங்கி வைத்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.