மேயர் ந. சிவராஜ்: கல்வி திறந்த வழி

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நமது சமுதாயத்தில் கல்வியால் உயர்ந்த ஒருவரைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தார்கள். பலர் என் நினைவிற்கு வந்தனர். அவர்களுள் திரு. ந. சிவராஜ் அவர்களை எடுத்துக்கொண்டேன். சென்னை மாநகரின் மேயராக 1945-46ஆம் ஆண்டில் வீற்றிருந்தவர் அவர். நம் இளைஞர்களுள் பெரும்பாலோர் அவர் பெயரைக்கூடக் கேட்டறியார். அக்குறையைச் சிறிதேனும் போக்குவது என் கடமை எனக் கருதுகிறேன்.

அன்னார் 1892ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29ஆம் நாள் கடப்பையில் பிறந்தார். சென்னையில் கல்வி பயின்று, சட்டம் கற்று, வழக்கறிஞரானார். பின்னர்ச் சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். எந்தச் சட்டத்தின் பெயரால் நம் முன்னோர் ஒதுக்கி வைக்கப்பட்டனரோ, அந்தச் சட்டத்தையே எல்லாச் சமூகத்து மாணாக்கருக்கும் கற்பிக்கும் ஆசானாக அவர் நின்றார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராகிப் பொது வாழ்வில் கால் ஊன்றினார். நீதிக்கட்சியில் பணியாற்றினார். மத்திய சட்டமன்றத்திலும் இடம் பெற்றார்.

அக்காலத்தின் நிலையை இன்றைய மாணவர்கள் உணர்தல் வேண்டும். 1924ஆம் ஆண்டில் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்கள். பொதுத் தெருக்களிலும், பொதுக் கிணறு, குளங்களிலும், பொது அலுவலகங்களிலும் தாழ்த்தப்பட்டோர் தடையின்றிச் செல்லலாம் என்பதே அத்தீர்மானத்தின் சாரம். அது நிறைவேறி, அவ்வாண்டு செப்டம்பரில் அரசாணையும் பிறந்தது. தெருவில் நடப்பதற்கே ஓர் அரசாணை வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

அதற்குப் பின் 13 ஆண்டுகள் கழிந்து, 1937இல், திரு. ஜெ. சிவசண்முகம் பிள்ளை அவர்கள் சென்னையின் மேயரானார்கள். அப்பதவியில் அமர்ந்த முதல் ஆதிதிராவிடர் அவரே. மேலும் 8 ஆண்டுகள் கழிந்தபின் திரு. சிவராஜ் அவர்கள் அதே இருக்கையில் அமர்ந்தார்கள். அந்நாளில் மேயர் பதவிக்கென இட ஒதுக்கீடு கிடையாது. மக்கள் நேரே வாக்களித்து மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இல்லை. நகர மன்ற உறுப்பினர்களே ஓராண்டுக்கு ஒருவரைத் தெரிந்தெடுத்தனர். அவ்வுறுப்பினருள் மிகப் பெரும்பாலோர் பிற சமூகத்தார்.

மேயருக்கு அக்காலத்தில் என்ன அதிகாரம் இருந்தது என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. நிர்வாக அதிகாரம் ஆணையர் கையில் இருந்தது. மேயர் மன்றத்திற்குத் தலைமை தாங்குவார்; விவாதத்தை நெறிப்படுத்துவார்; நகரின் முதற் குடிமகனாக மதிக்கப்படுவார். அதுவும் ஓராண்டுக்கு மட்டுமே. ஆயினும் அதனைச் சிறிதென ஒதுக்குதல் தகாது. தெருவில் நடக்கலாகாது என்று தடுக்கப்பட்ட மக்களுள் ஒருவர், அத்தெருக்களுக்கு விளக்கும் குடிநீரும் வழங்கும் மன்றத்தின் தலைவராக அமர்ந்தார். அவர் அனுமதி பெற்றே பிறர் எழுந்து பேசவேண்டியிருந்தது. சேரியில் வாழ்ந்த ஒரு சிறுவனின் உள்ளத்தில் அக்காட்சி என்ன நம்பிக்கையை விதைத்திருக்கும்!

சிவராஜ் அவர்களின் பெருமை மேயர் பதவியோடு முடிவதன்று. 1942இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தோற்றுவித்த அகில இந்தியத் தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பின் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் இவரே. அண்ணல் மறைந்தபின், 1957இல் இந்தியக் குடியரசுக் கட்சி தோன்றியபொழுது அதன் முதல் தலைவராகவும் விளங்கினார். அவ்வாண்டே செங்கற்பட்டுத் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1964ஆம் ஆண்டு தம் பிறந்த நாளிலேயே, 72ஆம் அகவையில், இயற்கை எய்தினார். அவர்தம் துணைவியார் அன்னை மீனாம்பாள் அவர்களும் ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தின் முன்னணித் தலைவர். தந்தை ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்னும் பட்டம் அளித்த 1938ஆம் ஆண்டுப் பெண்கள் மாநாட்டில் அவர் பங்கு கொண்டதை நம் மகளிர் நினைவிற் கொள்ளவேண்டும்.

இங்கே ஒன்று கூற விழைகிறேன். சிவசண்முகம் பிள்ளை அவர்கள் காங்கிரசில் இருந்தார். 1946 முதல் 1955 வரை சட்டமன்றத் தலைவராகப் பணியாற்றினார். சிவராஜ் அவர்களோ காங்கிரசுக்கு எதிர் அணியில் அண்ணலோடு நின்றார். இருவர் வழிகளும் வேறு. ஆயினும் இருவரையும் உயர்த்தியது கல்வியே. நம் ஊர்களிலும் கட்சிகள் பல; ஒரே தெருவில் நான்கு கொடிகள் பறக்கின்றன. அதில் தவறில்லை. ஆனால் பிள்ளைகளின் படிப்பு என்று வரும்போது அக்கொடிகள் நம்மைப் பிரித்தல் ஆகாது.

பாகூருக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த உயர்கல்விக்கூடத்திற்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் பகர்கின்றன. அக்கல்வி வேதம் ஓதுவோர்க்கு உரியது. ஏரியின் கீழ் நாற்று நட்ட நம் முன்னோர்க்கு உரியதன்று. இன்று பள்ளிக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இருந்தும் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நம் பிள்ளைகள் நின்று விடுவதை ஆசிரியன் என்ற முறையில் ஆண்டுதோறும் காண்கிறேன். மகனைக் கரும்பு வெட்டுக்கும், மகளைத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் நிறுத்தி விடுகிறார்கள். வறுமைதான் காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பருவத்துக் கூலி ஒரு வாழ்நாளை விழுங்கிவிடுகிறது.

உள்ளாட்சி என்பது நமக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியில் 1880ஆம் ஆண்டு ஆணையால் வில்லியனூரும் பாகூரும் நகராட்சிகளாயின. அவற்றிற்கும் மேயர்கள் இருந்தனர். புதுவையில் 1968க்குப் பின் 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடைபெறவில்லை. 2006இல் நடந்தது, அம்மன்றங்களின் காலம் 2011இல் முடிந்த பிறகும் பல்லாண்டுகள் தேர்தல் இன்றியே கழிந்தன. அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் பட்டியல் இனத்தவர்க்கும் பெண்களுக்கும் உறுப்பினர் பதவியிலும் தலைவர் பதவியிலும் இடம் ஒதுக்குகின்றன. தேர்தல் இல்லையேல் அவ்விடங்களால் யாருக்கும் பயனில்லை. தேர்தலை நாம் கேட்டுப் பெறவேண்டும். தேர்தல் வந்தால், வரவு செலவுத் திட்டத்தைத் தாமே படித்துப் புரிந்து, பிறர் நீட்டும் தாளில் கண்ணை மூடிக் கையொப்பம் இடாதவர்கள் அங்கே அமரவேண்டும்.

2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திருமதி ஆர். பிரியா அவர்கள் தம் 28ஆம் அகவையில் சென்னை மேயரானார்கள். அப்பதவி ஏற்ற முதல் தலித் பெண்மணி அவர். இட ஒதுக்கீடு அவ்வாயிலைத் திறந்தது. ஒதுக்கீடே இல்லாத காலத்தில் அவ்வாயிலைத் தட்டி நுழைந்தவர்கள் சிவசண்முகம் பிள்ளையும் சிவராஜும்.

ஆகவே, பெற்றோர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று வேண்டுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரையிலேனும் எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். சங்கத்தாரையும் வேண்டுகிறேன்: அடுத்த 25 ஆண்டுகளில் ஒவ்வோர் ஊரிலும் இடைநின்ற பிள்ளைகளின் கணக்கை ஆண்டுதோறும் எடுத்து, வீடு தேடிச் சென்று அவர்களை மீண்டும் அழைத்து வாருங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் உடன் வரச் சித்தமாயிருக்கிறோம்.