கணவரும் மனைவியும் கண்டிக்கு ஆற்றிய தொண்டு

(அம்பிட்டியவில் நிகழ்ந்த நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண்டி நகரிலே ஜோர்ஜ் ஈ. டி சில்வா பெயரால் ஒரு பூங்கா இருக்கின்றது. நாள்தோறும் அதனைக் கடந்து செல்லும் நம்மவருள் எத்தனை பேர் அன்னாரின் வரலாற்றை அறிவர்? தமிழர் கூடியுள்ள இச்சபையில் அன்னாரை நினைவுகூர்வதற்கு நமக்குத் தனிக் காரணமும் உண்டு.

1879ஆம் ஆண்டில் பிறந்த டி சில்வா, கண்டியிலே வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார், அரசாங்க சபையில் அங்கத்துவம் வகித்தார், 1942 முதல் சுகாதார மந்திரியாகக் கடமையாற்றினார், 1950இல் மறைந்தார். பறங்கியர் குலத்து அக்னஸ் நெல் அம்மையார் அன்னாரின் வாழ்க்கைத் துணைவி. மனைவி அடுக்களையில் அடங்கியிருக்க வேண்டும் என்று பலரும் எண்ணிய காலத்தில், பொதுப் பணியில் இருவரும் இணைந்தே நின்றனர்.

1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளராக விளங்கிய அம்மையார், டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார். தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்குரிமை வேண்டும் என்று பிரபு வினவினார். அவர்களும் பெண்களே, அவர்களுக்கும் வேண்டும் என்று அம்மையார் தயக்கமின்றி விடையிறுத்தார். தனக்கு உரிமை கேட்கச் சென்றவர், கேட்க வாயற்றவளுக்கும் சேர்த்துக் கேட்டார். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது.

ஆயின் வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்துப் புகழ்பாட நாம் இங்கு வரவில்லை. 1948இல் தேர்தல் மனுவினால் டி சில்வா தம் ஆசனத்தை இழந்தார். அதே ஆண்டில் அன்னார் சார்ந்திருந்த கட்சியின் அரசாங்கமே பிரஜாவுரிமைச் சட்டத்தை இயற்றி, இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்கும் பறிபோயிற்று. மனைவி கேட்டுப் பெற்றதைக் கணவரின் கட்சி பறித்தது! இழந்த பிரஜாவுரிமை முற்றாக மீள, 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

இதனால் நாம் கற்பது யாது? நல்லவர் ஒருவரின் நெஞ்சில் மாத்திரம் தங்கியிருக்கும் நீதி நிலைப்பதில்லை. ஊர்தோறும் அதனைக் காக்கும் ஊழியர் வேண்டும்.

ஓய்வூதியம் பெறும் பெரியோர்களே! இம்முறையீடு உங்களுக்கே. அம்பிட்டிய வழியே தலாத்துஓயாவுக்கும் ஹேவாஹெட்டைக்கும் செல்லும் வீதியின் அப்பால் தோட்டங்கள் உள்ளன. ஆங்கே பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழைத்தவரும், அடையாள அட்டை பெறாதவரும், தலைமுறைகள் லயத்தில் கழிந்தும் காணியுறுதி காணாதவரும் உளர். படிவம் நிரப்ப ஒரு கை வேண்டும். கந்தோருக்கு உடன்செல்ல ஒரு துணை வேண்டும். எழுதத் தெரிந்த கையும் ஓய்ந்த பொழுதும் உங்களிடம் உள்ளன. உங்கள் இல்லத்தரசியரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு பெண் தன் குறையை இன்னொரு பெண்ணிடமே மனந்திறந்து சொல்வாள்.

பூங்காவிலே பெயர் பொறிப்பது மாநகரசபையின் வேலை. அப்பெயருக்குப் பொருள் சேர்ப்பது நம் வேலை.