நோயெதிர்ப்புச் சிகிச்சை: பெண்கள் நாம் அறியவேண்டியது



வெண்குருதிக் கலங்கள் கிருமிகளை அழிக்கும் என்று ஆண்டு 10 விஞ்ஞானப் பாடத்தில் நாமெல்லோரும் மனனம் செய்தோம். அதே கலங்கள் புற்றுநோயையும் தாக்கக்கூடியவை. ஆனால், எமது சொந்த உடலைத் தாக்காதபடி அவற்றுக்கு ஒரு பிரேக் உண்டு. புற்றுநோய் அந்தப் பிரேக்கை அழுத்திவிட்டுத் தப்பிக்கொள்கிறது. பிரேக்கை விடுவிப்பதே நோயெதிர்ப்புச் சிகிச்சை. இதற்கு வழி திறந்த ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இது எல்லோருக்கும் பொருந்தும் மருந்தல்ல. கர்ப்பப்பை உட்படலப் புற்றுநோயில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, டீஎன்ஏ பிழைகளைத் திருத்தும் ஆற்றலை இழந்தது. அத்தகைய கட்டிகளில் நல்ல பலன் கிடைக்கிறது. ஆகவே, எடுத்த கட்டியில் அந்தப் பரிசோதனை செய்தார்களா என்று நாம் கேட்கவேண்டும். முற்றிய கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயில், பெம்புரோலிசுமாப் என்ற மருந்தை வழமையான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கும்போது பலரின் ஆயுள் நீள்கிறது. சூலகப் புற்றுநோயில் இதுவரை பலன் குறைவு. பிரேக் விடுபட்ட கலங்கள் தைரொயிட், குடல், நுரையீரல் என்பவற்றையும் தாக்கலாம். விலையும் மிக அதிகம்.

எம்மைவிட மூத்த ஒருவர் எம்மிடம் சிகிச்சைக்கு வந்தார். மாதவிடாய் நின்று பல வருடங்களின் பின் இரத்தம் பட்டதை ஒரு வருடமாக அவர் யாருக்கும் சொல்லவில்லை. "மகன்மாரிட்டை இதை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?" என்றார். முதல் மாதமே வந்திருந்தால் சத்திரசிகிச்சை ஒன்றே போதுமாயிருந்திருக்கலாம். நாமோ அவரோடு விலையுயர்ந்த மருந்தைப் பற்றிக் கதைக்கவேண்டியதாயிற்று.

சபையில் எழுந்து நின்று பேச இந்தப் பாடசாலை எமக்குப் பழக்கியது. எமது உடலைப் பற்றி மட்டும் ஏன் வாய் திறக்கத் தயங்குகிறோம்? மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் வைத்தியரிடம் போவோம். இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடப்படுகிறது. எமது பெண்பிள்ளைகள் அதைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வோம். 35, 45 வயதுகளில் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனையை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்கிலேயே இலவசமாகச் செய்யலாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் சகோதரிகளும் அங்குள்ள அழைப்புக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

புதிய மருந்துகள் வரட்டும், வரவேற்போம். அவை தேவைப்படும் நிலைக்குப் போகுமுன் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்வோம்.