மிருதங்கத்தின் தோல்

(ஜோலார்பேட்டைக் கூட்டத்தில் பேசியது)



சங்கீதத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக்கூடும். இராகம் இன்னது, தாளம் இன்னது என்று பிரித்துச் சொல்ல நமக்குத் தெரியாது. ஆனால் தோலைப் பற்றிப் பேச இங்கே கூடியிருக்கிற உங்களுக்கு உள்ள யோக்கியதை, சங்கீத சபையில் முன்வரிசையில் உட்காருகிறவர்களுக்குக் கிடையாது. விடியற்காலையில் ரயிலேறி வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் தோல் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் நம் எதிரில் இருக்கிறீர்கள்! நாற்றம் பிடித்த தொழில் என்று உங்களைத் தள்ளி நிற்கச் சொன்ன சமூகம், அதே தோலைத் தட்டினால் வருகிற நாதத்தைத் தெய்வீகம் என்கிறது. இந்தப் பித்தலாட்டத்தை வெளியில் எடுத்துப் போட்ட ஒரு பாடகரைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறோம்.

அவர் டி.எம். கிருஷ்ணா. பிறப்பால் பார்ப்பனர். அதற்காக அவரை வெறுக்கவும் வேண்டாம், அதற்காகவே புகழவும் வேண்டாம். காரியத்தைப் பார்ப்போம்.

2020ல் மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்று இங்கிலீஷில் ஒரு புத்தகம் எழுதினார். மிருதங்கம் என்பது பலாக் கட்டையும் தோலும்தான். பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் அதற்கு வேண்டும். இழுத்துக் கட்டுகிற வார் எருமைத்தோல். வலந்தலையில் கறுப்பாகத் தெரிகிறதே, அது கல்லைப் பொடி செய்து சோற்றோடு பிசைந்து, கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. எந்தத் தோல் எந்தச் சுருதிக்குப் பேசும் என்பது தடவிப் பார்த்தே சொல்லுகிற கைக்குத்தான் தெரியும். அந்தக் கை பெரும்பாலும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் கை. தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வந்திருக்கிறது. பாலக்காடு மணி அய்யருக்கு 1966ல் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்துக்கு என்ன கிடைத்தது?

பசுவைக் கோமாதா என்கிறார்கள். அந்த மாதாவை அறுக்காமல் வலந்தலை ஏது? வித்துவான் அறுக்கிற இடத்துக்குப் போவதில்லை, கண்ணால் காண்பதுமில்லை. பாவமெல்லாம் தோல் வாங்கி வருகிறவன் தலையில். புண்ணியமெல்லாம் வாசிக்கிறவர் விரலில்! இதை எழுதியதற்கு என்ன ஆயிற்று தெரியுமா? புத்தக வெளியீட்டுக்கு அரங்கம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா, பத்திரிகையில் ஒரு பகுதி வந்த மாத்திரத்தில் அனுமதியை வாபஸ் வாங்கிக்கொண்டது. அதனால் வெளியீடு நின்றுவிடவில்லை. தரமணியில் பத்திரிகைத் தொழில் கற்றுக்கொடுக்கும் ஒரு கல்லூரியில் நடந்தது. தொல். திருமாவளவன் கலந்துகொண்டார்.

அவர் செய்தது இது ஒன்றல்ல. ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் மத்தியில் இசை விழா நடத்தியவர்களில் அவரும் ஒருவர். 2017ல் எண்ணூர்க் கழிமுகம் பாழாவதைப் பற்றி மெட்ராஸ் பேச்சுத் தமிழிலேயே கர்நாடக இராகத்தில் பாடினார். வைக்கம் நூற்றாண்டை ஒட்டிப் பெருமாள்முருகன் பெரியாரைப் பற்றி எழுதிய பாட்டையும் பாடினார். 2024ல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி என்று அறிவித்ததும், பெரியாரைப் புகழ்ந்தவருக்கா பட்டம் என்று சில வித்துவான்கள் அகாடமி மாநாட்டையே பகிஷ்கரித்தார்கள். அகாடமி பின்வாங்கவில்லை. (அகாடமியைப் பாராட்ட நமக்கு வாய்க்கிற சந்தர்ப்பம் அடிக்கடி வருவதில்லை, தோழர்களே!)

அவரிடத்தில் நமக்குக் குறையும் உண்டு. இன்னும் மேடையில் இராமனைப் பாடுகிறார். அல்லாவையும் ஏசுவையும் சேர்த்துப் பாடினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார் போலும். சாமி மூன்றானால் மூடநம்பிக்கை மூன்றாகுமே தவிர, குறையுமா?

அந்த வழக்கை அவரோடு பிறகு பேசிக்கொள்ளலாம். புத்தகம் தமிழிலும் வந்திருக்கிறது. ஞாயிறுதோறும் படிப்பகத்தில் சில பக்கங்களை உரக்கப் படிப்பதென்று தோழர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தோல் கம்பெனித் தோழர்கள் அவசியம் வரவேண்டும். அதில் தோலைப் பற்றி எழுதியிருப்பது சரிதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.