முகம் பார்த்துக் கேட்கும் காதுகள்

சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்து, தனியார் பள்ளியொன்றில் சொற்பச் சம்பளத்துக்கு வகுப்பெடுக்கும் ஒருவர், மனைவி மக்களோடு அயல்நாடு போய் ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று எண்ணுவது இன்று புதுமையான எண்ணமல்ல. மாலத்தீவின் தீவுப் பள்ளிகள், வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள், தாய்லாந்து, வியட்நாம், தென் கொரியா என்று அவர் முன் பல கதவுகள் இருப்பதுபோல் தெரிகிறது. விண்ணப்பிக்கத் தொடங்கியதும் முதலில் கேட்கப்படுவது என்ன? கிழக்காசிய நாடுகளின் விளம்பரங்களில் பெரும்பாலும் பட்டச் சான்றிதழோடு ஒரு புகைப்படம், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் சிறு வீடியோ. இலக்கணக் கேள்வி ஒன்றும் இல்லை. ஒரு பத்தியை எப்படிக் கற்பிப்பீர்கள் என்ற கேள்வியும் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் தவறாமல் இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றியதே இன்றைய உரை. அது மொழித்திறனைச் சோதிக்கும் நிபந்தனை அல்ல, பிறப்பைச் சோதிக்கும் நிபந்தனை. கல்வியின் பெயரால் உள்ளே வரும் நிறவேற்றுமை என்பதே நான் நிறுவ விரும்பும் கருத்து.

தென் கொரியாவின் விசா விதியை எடுத்துக்கொள்வோம். அங்கே அயல்மொழி ஆசிரியருக்கான விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. தாய்மொழிதான் அளவுகோல் என்றால் தென்னாப்பிரிக்கா எப்படி உள்ளே வந்தது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொண்டவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆங்கிலமே ஆட்சிமொழியாக உள்ள ஜமைக்கா ஏன் வெளியே நிற்கிறது? இந்தியாவில் அதே 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று பதிந்திருக்கிறார்கள்; அவர்களும் அந்த ஏழில் அடங்கமாட்டார்கள். இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் இடையே 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தம் நம் ஆசிரியர்களுக்கு ஒரு சிறு வாசலைத் திறந்தது உண்மை. ஆனால் அங்கே அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் உதவி ஆசிரியர் நாற்காலி. ஆங்கிலம் கற்பிக்கச் சான்றிதழ் பெற்ற இந்தியர் துணையாக நிற்க, ஏதேனும் ஒரு பட்டமும் ஏழு நாடுகளில் ஒன்றின் பாஸ்போர்ட்டும் வைத்திருப்பவர் முன்னே நிற்கலாம். பாஸ்போர்ட்டுக்கு நிறமில்லையே, இதை நிறவேற்றுமை என்பது மிகையல்லவா என்று கேட்கலாம். பாஸ்போர்ட் மட்டுமே போதுமென்றால் புகைப்படம் எதற்கு? கனடாவில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ் இளைஞரும் கறுப்பின அமெரிக்கரும் முதல் சல்லடையைத் தாண்டிய பிறகு சிக்கிக்கொள்வது அந்தப் படத்தில்தான்.

கண் எப்படிக் காதை ஆள்கிறது என்பதற்கு ஓர் ஆய்வைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்டது. அமெரிக்க ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண்ணின் குரலில் சில நிமிட விரிவுரை பதிவு செய்யப்பட்டது. கல்லூரி மாணவர்கள் அதைக் கேட்டபோது, பேசுபவர் இவர்தான் என்று ஒரு படம் காட்டப்பட்டது. ஒரு பகுதியினர் பார்த்தது வெள்ளைப் பெண்ணின் படம். மற்றவர்கள் பார்த்தது சீன முகமுடைய பெண்ணின் படம். ஒலி ஒன்றே, ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் பேச்சில் அயல் உச்சரிப்பு இருந்தது என்றார்கள். அதோடு நிற்கவில்லை, கேட்டதை எவ்வளவு புரிந்துகொண்டார்கள் என்று சோதித்தபோது அவர்களது புரிதலும் குறைந்திருந்தது. மாணவர் தொகை சிறியதுதான். பின்வந்த ஆய்வுகள் எல்லாமே அதே அளவு விளைவைக் காட்டிவிடவும் இல்லை. என்றாலும், உச்சரிப்பு புரியவில்லை என்ற புகார் வந்தவுடன் குற்றம் பேசியவர் நாவில்தான் இருக்கும் என்று தீர்மானிப்பதை இந்த ஆய்வு அசைத்துவிட்டது. இதற்கும் முன்பே, 1979இல், ஆய்வாளர்கள் லாரி ஸ்மித்தும் கலீலுல்லா ரஃபிக்ஸாதும் பல நாட்டவர் பேசிய ஆங்கிலத்தைப் பதினோரு நாடுகளில் கேட்கச் செய்து பார்த்தார்கள். எளிதில் புரிந்த பேச்சுகளின் முன்வரிசையில் அமெரிக்கரின் பேச்சு வரவில்லை.

தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கைக்கு வயது அதிகமில்லை. 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றிக் காமன்வெல்த் மாநாடு ஒன்று கூடியது. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலம். ஆட்சி கைவிட்டுப் போகும் நேரத்தில், மொழியைக் கற்பிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்ற கேள்வி எழுவது இயல்பு. தாய்மொழியாளரே இலட்சிய ஆசிரியர் என்பது அந்த மாநாட்டிலிருந்து வளர்ந்த கோட்பாடுகளில் ஒன்று என்றும், அது ஆதாரமற்ற நம்பிக்கை என்றும் மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992இல் ஒரு நூலில் எழுதினார். அந்த நூலுக்கு அடுத்த தலைமுறையில் விவாதத்தை முன்னெடுத்தவர்களில் யாழ்ப்பாணத்தில் கற்பித்த தமிழர் சுரேஷ் கனகராஜா முக்கியமானவர். உலகில் ஆங்கிலம் கற்பிப்பவர்களில் ஐந்தில் நால்வர் அதைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் என்று அவர் 1999இல் மதிப்பிட்டார். அதே ஆண்டு, இலங்கையரான ஜார்ஜ் பிரெய்ன் தொகுத்த நூலில் அப்படிப்பட்ட ஆசிரியர்களே தங்கள் நிலையை எழுதினார்கள். ஆங்கில ஆசிரியர்களின் பன்னாட்டு அமைப்பான டெசால் 2006இல் இந்தப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தது. கண்டனம் ஏட்டில் இருக்கிறது, விளம்பரம் மாறவில்லை. தாய்மொழியாளர் அல்லாதவரும் நன்கு கற்பிக்க முடியும் என்பதற்கு நடைமுறைச் சான்று வேண்டுவோர் எத்தியோப்பியாவைப் பார்க்கலாம். பேரரசர் ஹெய்லே செலாசியின் காலத்தில் அந்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்ற ஆசிரியர்கள் பெருந்தொகையாகப் பணியாற்றினார்கள்; பலர் குடும்பத்தோடு போனார்கள். ஆங்கில வழியில் படித்த ஒரு தலைமுறையே அவர்கள் கையில் உருவாயிற்று.

பிள்ளைக்குப் பணம் கட்டும் பெற்றோர் எப்படிப்பட்ட ஆசிரியரை விரும்புகிறார்களோ அவரை வைப்பது பள்ளியின் உரிமை என்று ஒரு மறுப்பு உண்டு. வாடிக்கையாளர் விருப்பம் என்ற இந்த வாதத்தை நாம் நன்கு அறிவோம். சாதி பார்த்து வீடு வாடகைக்கு விடுபவரும் அக்கம்பக்கத்தார் விரும்பமாட்டார்கள் என்றே சொல்கிறார். விருப்பம் இருக்கிறது என்பது அது நியாயம் என்பதற்குச் சான்றாகாது. இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று: நம் பட்டதாரிகளின் ஆங்கிலம் உண்மையிலேயே சரியில்லை என்பது. இதை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. கைடு நூல்களை மனப்பாடம் செய்து, ஒரு பக்கம் சொந்தமாக எழுதாமல், ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசாமல் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட முடிகிறது. அப்படிப்பட்டவரை எந்த நாடும் மறுக்கட்டும். மறுப்பது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் நன்மை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழி தேர்வு. எழுதச் சொல்லுங்கள், பேசச் சொல்லுங்கள், ஒரு வகுப்பை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். அதே தேர்வை டப்ளினிலிருந்து வருபவருக்கும் வையுங்கள். தேர்வு வைக்காமலே முடிவு செய்யும் இடத்தில்தான் வேற்றுமை குடியிருக்கிறது.

தனியாளாகப் போகிறவரைவிடக் குடும்பத்தோடு போகிறவருக்கு இந்த வேற்றுமையின் சுமை பன்மடங்காகிறது. புறப்படும் முன்பே பட்டத்துக்கும் பி.எட்.டுக்கும் அட்டெஸ்டேஷன், போலீஸ் நன்னடத்தைச் சான்று, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று என்று ஒவ்வொன்றின் பின்னாலும் முத்திரைகள் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு முத்திரைக்கும் செலவு, சென்னைக்கு அலைச்சல். போய்ச் சேர்ந்தபின், நாட்டைப் பார்த்துச் சம்பளம் நிர்ணயிக்கும் பள்ளிகளில் ஒரே பாடவேளைக்கு இரண்டு விதக் கூலி. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் வருமானம் வேண்டும். ஆகவே சம்பளத்தில் வைக்கும் ஏற்றத்தாழ்வு யார் மனைவி மக்களோடு வாழலாம், யார் தனியே அறை எடுத்துத் தங்க வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. உடலும் இதற்குத் தப்பவில்லை. கொரியா அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருந்தது, கொரிய வம்சாவளியினருக்கு அது இல்லை. நியூசிலாந்திலிருந்து சென்ற ஓர் ஆசிரியை அதை எதிர்த்து முறையிட்டார். இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2015இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஏழு நாட்டுப் பட்டியலில் இருப்பவருக்கே இந்த நிலை என்றால் பட்டியலுக்கு வெளியே நிற்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சியில் நின்று இதைப் பேசுவதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இம்மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு, கரியாலூர் பகுதிகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தாய்மொழி தமிழ். அவர்கள் நாவில் வழங்கும் தமிழுக்குத் தனி ஓசையும் தனிச் சொற்களும் உண்டு. அந்த வீட்டுக் குழந்தை கீழ்நாட்டுப் பள்ளிக்கு வந்து ஒரு கேள்விக்குச் சரியான விடை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடையை ஏற்பதற்கு முன் அது சொன்ன விதத்தைத் திருத்தும் பழக்கமும், அதைக் கேட்டு வகுப்பு சிரிக்கும் பழக்கமும் நம்மிடம் இல்லையா? தாய்மொழியாளர் பேசுவதே சரி என்ற விதியை நாம் உண்மையில் நம்பினால் அந்தக் குழந்தையின் தமிழை மரியாதையோடு கேட்க வேண்டும். நாம் கேட்பதில்லை. ஏனென்றால் அந்த விதி எங்குமே மொழியைப் பற்றியதாக இருந்ததில்லை. எந்தக் குடியில் பிறந்தவர் பேசுகிறார் என்பதைப் பற்றியது. சியோலில் நம் ஆசிரியரின் முகத்தைப் பார்த்துக் கேட்கும் காதும், இங்கே மலைக்குழந்தையின் ஊரைக் கேட்டபின் கேட்கும் காதும் ஒன்றுதான். இரண்டையும் ஒப்பிடுவது வெளிநாட்டு அநீதியின் கனத்தைக் குறைத்துவிடும் என்று சிலர் அஞ்சலாம். எனக்கு அந்த அச்சம் இல்லை. அங்கே நமக்கு எதிராக இயங்கும் நியாயத்தை இங்கே நாமே கையாளும்வரை நம் முறையீட்டில் பாதி பலம் போய்விடுகிறது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன. மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. ஆசிரியர்களை அனுப்பும் ஒப்பந்தங்களில் நாடு பார்க்காத ஒரே சம்பளம், குடும்ப விசா, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகிய மூன்றையும் எழுத்தில் பெறும்படி அதைக் கேட்கலாம். கொரிய ஒப்பந்தம் மறுபரிசீலனைக்கு வரும்போது, உதவி ஆசிரியர் என்ற சொல்லை நீக்கி, எல்லா நாட்டவருக்கும் பொதுவான மொழித்தேர்வையும் வகுப்பறைத் தேர்வையும் வைக்கும்படி ஒன்றிய அரசை வற்புறுத்தலாம். நம் பி.எட். கல்லூரிகள் அந்தத் தேர்வை இன்றே தம் மாணவர்களுக்கு வைத்துப் பார்க்கலாம்; வெள்ளிமலையின் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து ஆசிரியப் பயிற்சிக்கு வரும் பெண்ணும் சென்னை கான்வென்ட்டில் படித்து வருபவரும் ஒரே அறையில், ஒரே வினாத்தாளை எழுதட்டும், திருத்துபவருக்குப் பெயர் தெரியாதபடி.