காற்றின் திசை அறிவோம்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா மேடையில் நச்சுக்காற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். ஆலைகள் எழும்புவது ஊரின் ஓரத்தில். நம்மவர் குடியிருப்புகளும் ஊரின் ஓரத்திலேயே உள்ளன. ஆகவே இது நமக்குரிய பாடம்.

1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, போபால் நகரில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் கொள்கலன் ஒன்றினுள் தண்ணீர் புகுந்தது. ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் ஆவியாகி வெளியேறியது. கசிந்தது ஒரே கொள்கலன். பாதிக்கப்பட்டோரோ ஐந்து இலட்சத்துக்கும் மேல் என்பது அரசே அளித்த கணக்கு. ஆலையின் எதிரே குடிசைகளில் உறங்கிய ஏழைகள்தாம் முதற்பலி ஆயினர்.

நஞ்சு அவ்வளவு தொலைவு பரவியது எவ்வாறு? அப்பொருள் 39 பாகை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாவது. அவ்வாவி காற்றைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கனமுடையது. ஆதலால் நிலத்தையொட்டியே தவழும். குழந்தைகளின் மூச்சு அதற்கு மிக அருகில் இருந்தது.

காலமும் அதற்குத் துணை செய்தது. பகலில் வெயில் நிலத்தைச் சூடாக்கும்; காற்று மேலெழுந்து நஞ்சைக் கலைத்துவிடும். குளிர்ந்த இரவிலோ, நிலத்தையொட்டிய குளிர்காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோல் கவிந்து நிற்கும். மார்கழி விடியலில் நம் அடுப்புப் புகை மேலெழாமல் கூரைகளின்மீது படர்ந்து கிடப்பதைக் கண்டிருக்கிறீர்கள் அல்லவா? அந்நிலைதான் அது. மெல்லிய காற்று நஞ்சைக் கலைக்காமல் நகருக்குள் சுமந்து சென்றது.

ஆகவே, ‘எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருந்தால் தப்பலாம்?’ என்னும் வினாவுக்கு ஒரே விடை கிடையாது. கசிந்த பொருள், அதன் அளவு, வெப்பம், நிலத்தின் மேடுபள்ளம், காற்று ஆகிய யாவும் சேர்ந்தே எல்லையை வகுக்கின்றன. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் கசிந்த ஸ்டைரீன் ஆவியும் காற்றினும் கனமானதே. அங்கும் உறக்கத்திலிருந்த மக்களையே அது சூழ்ந்தது.

போபாலில் பலர் காற்றுச் சென்ற திசையிலேயே ஓடினர். ஓட ஓட மூச்சு வாங்கியது. நஞ்சும் மிகுதியாக உட்சென்றது. இளைஞர்களே, புகையையோ கொடியையோ நோக்கிக் காற்றின் திசையை அறியுங்கள். அதற்குக் குறுக்காக விலகுங்கள், பள்ளத்தில் பதுங்காதீர்கள். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள். வெளியேற வழியில்லையெனில் கதவு சன்னல்களை அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணியைத் திணியுங்கள்.

மற்றொன்றும் உண்டு. ஆலையில் உள்ள அபாயத்தை அருகில் வாழ்வோருக்கு அறிவிக்க வேண்டுமென 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம் கூறியது; 1989-ஆம் ஆண்டின் விதிகளும் அவ்வாறே கூறுகின்றன. கேட்பது நம் உரிமை. மனு எழுதத் தெரிந்த பிள்ளைகளை இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உருவாக்கியிருக்கிறது. நம் குடியிருப்புகளுக்கு அருகே எந்த ஆலையில் எப்பொருள் எவ்வளவு உள்ளது என்று கேட்டு முதல் மனுவை எழுதுங்கள். போபால் மக்களுக்கு அதை ஆலை நிர்வாகம் சொல்லவில்லை. நாம் கேட்டறிவோம், நம் பிள்ளைகளைக் காப்போம்.