பஞ்சாலை தந்த பந்தாட்டக்காரர்

(பஞ்சாலைப் பகுதித் தொழிலாளர் கால்பந்துப் போட்டியின் நிறைவு நாளன்று ஆற்றிய உரை)



ஆட்டம் முடிந்து மைதானத்துப் புழுதி இன்னும் அடங்கவில்லை. இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள். விடிந்தால் நடவுக்குப் போக வேண்டிய தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேசி முடித்துக்கொள்கிறோம்.

சற்று முன்பு ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, வேப்பமரத்தடியில் இருந்த பெரியவர்கள், "என்ன இருந்தாலும் அந்தக் காலத்து ஆட்டம் போல வருமா?" என்று பெருமூச்சு விட்டார்கள். அது நம் காதிலும் விழுந்தது. இந்தப் பெருமூச்சு நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. பந்து உருளும் இடமெல்லாம் உண்டு. பிரேஸில் நாட்டிலே இந்தப் பெருமூச்சுக்கு ஒரு பெயரே உண்டு. அந்தப் பெயர் கரிஞ்சா!

பீலேயை உலகம் அறியும். நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். ஆனால் பிரேஸில் நாட்டு ஏழை மக்கள் தங்கள் வீட்டுப் பிள்ளை போல நேசித்தது கரிஞ்சாவைத்தான். "மக்களின் மகிழ்ச்சி" என்று அவருக்குப் பட்டம் சூட்டினார்கள். ஏன் இந்த நேசம்? அவர் யார்?

அவர் நம்மவர், தோழர்களே! பஞ்சாலையில் வேலை செய்தவர்!

ரியோ டி ஜெனிரோ நகரத்துக்கு அப்பால், மலையடிவாரத்தில் பாவ் கிராண்டே என்றொரு சிற்றூர். அங்கே ஒரு பெரிய பஞ்சாலை. ஆலைதான் ஊர், ஊர்தான் ஆலை. ஆட்கள் குடியிருந்த வீடுகள் கம்பெனி வீடுகள். சங்கு ஊதினால் ஊர் எழும். சங்கு ஊதினால் ஊர் அடங்கும். இப்படிப்பட்ட ஊரை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் 1933 அக்டோபர் 28-ம் தேதி பிறந்தார் மனுவேல் பிரான்சிஸ்கோ டோஸ் சாண்டோஸ். கரிஞ்சா என்பது அந்தப் பக்கத்துச் சின்னஞ்சிறு குருவி ஒன்றின் பெயர். வீட்டார் செல்லமாக வைத்த பெயர் அது.

பிறவியிலேயே கால்கள் கோணல். வலது கால் உள்ளே வளைந்திருந்தது. இடது கால் வெளியே வளைந்திருந்தது. ஆறு சென்டிமீட்டர் குட்டையும்கூட. இந்தக் கால்களோடு, படிக்க வேண்டிய பதினான்கு வயதிலே பையன் ஆலைக்குள் நுழைந்தான். வேலையில் மனம் ஒட்டவில்லை. ஆனால் ஆலையூர்க் கழகத்துக்காகப் பந்தாடினான். ஆடினால் ஊரே வேடிக்கை பார்த்தது.

1953-ம் ஆண்டு ரியோ நகரத்தின் போட்டபோகோ கழகம் அவரைச் சோதித்துப் பார்த்தது. எதிரே நிறுத்தப்பட்டவர் நில்டன் சாண்டோஸ். பிரேஸில் தேசிய அணியின் லெஃப்ட் பேக். கோணல் கால் ஆலைப் பையன் அவரைத் தாண்டிப் போய்விட்டான். பெரிய ஆட்டக்காரர் கோபித்துக்கொண்டாரா? இல்லை. "இவனை உடனே சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு எதிராக ஆட விட்டுவிடாதீர்கள்" என்ற கருத்தில் நிர்வாகிகளிடம் சொன்னார். திறமையைக் கண்டு பொறாமைப்படாமல் கைதூக்கிவிட்டவர் அவர். சாகும்வரை நண்பராகவும் இருந்தார்.

கரிஞ்சாவின் இடம் ரைட் அவுட். அவருடைய வித்தை என்ன? பந்தை நிறுத்துவார். தாமும் நிற்பார். எதிரே நிற்பவரும் நிற்க வேண்டியதுதான். இடது பக்கம் சாய்வார். வலது பக்கம் பறந்துவிடுவார். நாளை ஆடினாலும் அதே வித்தை. எதிரிக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். ஆனாலும் பிடிக்க முடியாது! தம்மைத் தடுக்க வந்தவர் யாராக இருந்தாலும் கரிஞ்சாவுக்கு அவர் பெயர் "ஜோவாவோ" என்று சொல்வார்கள். நாம் குப்பன், சுப்பன் என்கிறோமே, அதுபோல. வெள்ளைக்காரனோ, பேர்பெற்றவனோ, எல்லாரும் அவருக்கு ஜோவாவோதான்.

1957-ல் போட்டபோகோ கழகம் ரியோ மாநிலப் பட்டத்தை வென்றது. இறுதி ஆட்டத்தில் ஃபுளுமினென்ஸை 6-2 என்று தோற்கடித்தது. அணியை நடத்தியவர் ஜோவாவோ சல்டான்யா. பத்திரிகையாளர், பிரேஸில் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். அவர் பெயர் பிறகு வருகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1958-ல் ஸ்வீடனில் உலகக் கோப்பை. பிரேஸில் அணியோடு ஒரு மனோதத்துவ நிபுணர் போனார். ஆட்டக்காரர்களுக்குப் பரீட்சை வைத்தார். கரிஞ்சா தேறவில்லை, பொறுப்புணர்ச்சி போதாது என்றார் நிபுணர். பதினேழு வயது பீலேயும் தேறவில்லை, சிறுபிள்ளைத்தனம் என்றார். ஏழைப் பிள்ளைகளின் அறிவை அளக்க இவர்கள் எப்போதும் ஒரு முழக்கோல் வைத்திருக்கிறார்கள். அந்தக் கோலில் எத்தனை பேர் அடிபட்டுப் போனார்களோ! முதல் இரண்டு ஆட்டங்களில் இருவரும் இறங்கவில்லை.

மூன்றாவது ஆட்டம் ஜூன் 15-ல் ஸோவியத் அணியோடு. இருவரும் இறங்கினார்கள். முதல் நிமிஷத்திலேயே கரிஞ்சா அடித்த பந்து கோல் கம்பத்தில் மோதியது. அடுத்தது பீலேயின் அடி. அதுவும் கம்பத்தில் மோதியது. மூன்றாம் நிமிஷத்தில் வாவா கோல் போட்டார். ஸோவியத் அணி 2-0 என்று தோற்றது. இதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை. கோலில் நின்றவர் மாபெரும் லெவ் யாஷின். யுத்த காலத்தில், பால் மணம் மாறாத வயதில், தொழிற்சாலையில் உழைத்தவர். ஒருபுறம் ஆலைப் பையன், மறுபுறமும் ஆலைப் பையன்! உலகம் மூச்சுவிடாமல் பார்த்தது.

இறுதி ஆட்டத்தில் ஸ்வீடன் முதல் கோல் போட்டது. கரிஞ்சா வலது ஓரமாக ஓடிப் பந்தை உள்ளே தள்ளினார். வாவா கோல் போட்டார். மறுபடியும் அதே ஓட்டம், அதே தள்ளல், அதே வாவா, மறு கோல்! 5-2. பிரேஸில் முதல் முறையாக உலகக் கோப்பையைத் தூக்கியது.

1962-ல் சிலியில் இரண்டாவது ஆட்டத்திலேயே பீலேக்குக் காயம். "இனி என்ன?" என்று நாடு தலையில் கை வைத்தது. கரிஞ்சா பாரத்தைத் தூக்கிக்கொண்டார். இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல். சிலிக்கு எதிராக இரண்டு கோல். இறுதி ஆட்டத்தன்று காய்ச்சல்; ஆனாலும் ஆடினார். செக்கோஸ்லோவாகியாவை 3-1 என்று வென்று கோப்பை மீண்டும் பிரேஸிலுக்கே வந்தது. இங்கிலாந்து ஆட்டத்தின் நடுவே ஒரு தெருநாய் மைதானத்துக்குள் புகுந்தது. இங்கிலாந்தின் கிரீவ்ஸ் மண்டியிட்டு அதைப் பிடித்தார். பிறகு பிரேஸில் ஆட்டக்காரர்கள் சீட்டுப் போட்டார்கள். நாய் கரிஞ்சாவுக்கே விழுந்தது! உலகக் கோப்பையோடு ஒரு நாயையும் அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார் நம் ஆலைப் பையன்.

பிரேஸிலுக்காக அவர் ஆடியது 50 ஆட்டங்கள். தோற்றது ஒன்றே ஒன்று. 1966-ல் ஹங்கேரியிடம், அவருடைய கடைசி ஆட்டத்தில். பீலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து இறங்கிய ஆட்டம் எதிலும் பிரேஸில் தோற்றதே இல்லை.

தோழர்களே! இத்தோடு நிறுத்தினால் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடலாம். பெருமூச்சு விடுகிறவர்கள் இத்தோடுதான் நிறுத்துகிறார்கள். நாம் நிறுத்தக் கூடாது. நெல்லை முறத்தில் புடைக்காமல் உலையில் போடுவோமா? அந்தக் காலத்தையும் புடைத்துப் பார்க்க வேண்டும்.

கரிஞ்சாவுக்கு என்ன கிடைத்தது?

அந்நாளில் பிரேஸிலில் ஆட்டக்காரரின் "பாஸ்" கழகத்தின் கையில் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவர் இஷ்டம்போல வேறிடம் போக முடியாது. கழகம் விட வேண்டும். அல்லது விற்க வேண்டும். பண்ணையாள் முறையைக் கண்ட நம் பாட்டன்மார்களுக்கு இது புரியும். கரிஞ்சாவோ வெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தொகையைப் பின்னர் அவர்கள் நிரப்பிக்கொண்டார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து! இந்தச் சங்கதி நமக்குத் தெரியாததா?

மூட்டுகள் தேய்ந்தன. கோணல் கால்கள் அல்லவா? ஒவ்வொரு திருப்பமும் மூட்டைத் தின்றது. கரிஞ்சா இறங்கினால்தான் கூட்டம். கூட்டம் வந்தால்தான் வசூல். வலியை அடக்க ஊசி போட்டு ஆட வைத்தார்கள். எந்திரம் தேய்ந்தால் முதலாளி எண்ணெய் விடுவான், பழுது பார்ப்பான். மனிதனுக்கு ஊசி! 1964-ல் அறுவைச் சிகிச்சை நடந்தது. பழைய கால் திரும்பவில்லை. 1966-ல் வேறு கழகத்துக்குக் கைமாற்றினார்கள்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடி. கரும்புச் சாராயம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆலையில் வேலை செய்த மனைவியையும் எட்டுப் பெண் குழந்தைகளையும் விட்டுப் பிரிந்தார். பின்னர் பாடகி எல்சா சோரஸுடன் வாழ்ந்தார். சேரியில் பிறந்து உழைப்பால் உயர்ந்த பெண்மணி அவர். குடித்துவிட்டு அவரையும் அடித்தார். 1969-ல் கரிஞ்சா ஓட்டிய கார் லாரியில் மோதி எல்சாவின் தாயார் மாண்டார். அவருடைய ஆட்டத்தை நேசிக்கிறோம் என்பதற்காக, அந்தப் பெண்கள் பட்ட கஷ்டத்தை நாம் மூடி மறைக்க மாட்டோம். அழகான ஆட்டம் வீட்டுக்குள் விழுந்த அடியை அழித்துவிடாது.

1983 ஜனவரி 20-ம் தேதி, 49 வயதில், குடியால் உடல் கெட்டுக் கரிஞ்சா இறந்தார். உடலை மரக்கானா மைதானத்தில் வைத்தார்கள். பிறகு பாவ் கிராண்டே மண்ணுக்குக் கொண்டு போனார்கள். வழியெங்கும் ஜனங்கள் நின்று அழுதார்கள். உயிரோடு இருந்தபோது அவருக்கு வேண்டியிருந்தது மருத்துவம், நியாயமான பங்கு, ஓய்வுக்காலப் பாதுகாப்பு. கிடைத்தது கண்ணீரும் கல்லறையும்.

இதுதானா பொற்காலம்? ஆட்டம் பொன்; காலம் பொன் அல்ல! 1964 முதல் 1985 வரை அந்த நாட்டை ராணுவம் ஆண்டது. சல்டான்யாவை நினைவில் வைக்கச் சொன்னோமே? அவர் 1969-ல் தேசிய அணியின் பயிற்சியாளரானார். தகுதிச் சுற்றின் ஆறு ஆட்டங்களிலும் அணி வென்றது. ஆனாலும் 1970 உலகக் கோப்பைக்குச் சில மாதங்கள் முன்பாக அவரை நீக்கிவிட்டார்கள். அவர் கட்டிய அணி கோப்பையை வென்றது. ராணுவ ஆட்சி அந்த வெற்றியைத் தன் மார்பில் குத்திக்கொண்டது.

பிறகு என்ன ஆயிற்று? காலம் தானாக மாறவில்லை. மாற்றினார்கள்! அதே போட்டபோகோ கழகத்தில் ஆடிய அஃபோன்சினோ என்ற இளைஞர் தம் பாஸ் தமக்கே வேண்டும் என்று வழக்காடி 1971-ல் வென்றார். பிரேஸிலில் அப்படி வென்ற முதல் ஆட்டக்காரர் அவரே. 1998-ல் பாஸ் முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. 2001-ல் அந்த முறை ஒழிந்தது. அந்தச் சட்டத்தைப் பீலே சட்டம் என்றே அழைக்கிறார்கள். கரிஞ்சா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அப்படியானால் பெரியவர்களின் பெருமூச்சு வெறும் பதரா? அதுவும் இல்லை. மரக்கானா மைதானத்தில் அந்நாளில் புல்தரையை ஒட்டிக் கீழே, நின்றுகொண்டே பார்க்கும் இடம் ஒன்று இருந்தது. சீட்டு மலிவு. கூலிக்காரர், தெரு வியாபாரி, வேலை தேடி அலைகிறவர் எல்லாரும் அங்கே நின்றார்கள். கரிஞ்சா அவர்கள் கண்ணெதிரே, அவர்கள் கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் ஆடினார். 2005-ல் அந்த இடத்தை மூடிவிட்டார்கள். 2014 உலகக் கோப்பைக்காக மைதானத்தையே புதுப்பித்தார்கள். 1950-ல் இரண்டு லட்சம் பேர் வரை அடைத்து நின்ற இடத்தில் இன்று 80,000 பேருக்கும் குறைவாகவே உட்காரலாம். ஆட்டக்காரர் உரிமை பெற்றார். ஏழை ரசிகர் தம் இடத்தை இழந்தார்.

ஆகவே, தோழர்களே, புடைத்துப் பார்த்தால் கணக்கு இதுதான். ஆலைப் பையன் தந்த சிரிப்பு நெல்மணி. அதை விடக் கூடாது. ஏழைகள் கூடி நின்ற இடம் நெல்மணி. அதைத் திரும்பக் கேட்க வேண்டும். வெற்றுத்தாளும் ஊசியும் சாராயமும் பதர். அதற்காக ஏங்க வேண்டாம்.

எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று உலகத் தொழிலாளர்கள் ஏன் போராடினார்கள்? தூங்குவதற்கு மட்டுமா? வேலையும் தூக்கமும் போக மீதி நேரத்தில் மனிதனாக வாழ்வதற்கும்தான். பாடுவதற்கு, படிப்பதற்கு, பந்தாடுவதற்கு! உழைப்பாளிக்குச் சோறும் கூலியும் வேண்டும், சிரிப்பும் வேண்டும். அதுவும் நம் உரிமை.

இன்று ஆடிய பிள்ளைகளே! உங்களில் ஒருவர் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கடைசிவரை ஆடியதைப் பார்த்தோம். கூட்டம் கைதட்டியது. நாமும் தட்டினோம், தட்டியிருக்கக் கூடாது. நாளைக் காலை அந்தத் தம்பியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது நம் பொறுப்பு. கால் ஆறும்வரை அவர் களத்தில் இறங்க வேண்டாம். அவர் இல்லாமல் தோற்றால் தோற்போம், அவமானம் இல்லை.

பெரியவர்களே! நீங்கள் பார்த்த பழைய ஆட்டங்களைப் பெருமூச்சோடு நிறுத்தாமல் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். யார் ஆடினார்கள், எப்படி ஆடினார்கள், பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கரிஞ்சாவின் கல்லறையிலும் அவரை மக்களின் மகிழ்ச்சி என்றே குறித்து வைத்தார்கள். அந்த மகிழ்ச்சியைத் தந்த மனிதனையும் காப்பாற்றத் தெரிந்த ஒரு காலத்தை நாம் உண்டாக்குவோம்.

சங்கு ஊதும் நேரம் ஆகிவிட்டது. ஷிப்டுக்குப் போகிறவர்கள் புறப்படுங்கள்.